முப்பத்து மூன்றாவது துண்டு

வெள்ளானூர்,
9 ஜூன் 2025

திரு. கோகுல்நாத் அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. பதினான்கு ஆண்டுகளாக அந்த ஆவல் எனக்கு இல்லை. இருந்ததாக இன்று எழுதினால் என் தங்கை சித்ராவே சிரிப்பாள். ஆகவே முறைக்கு விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலில் வரும் இந்தக் கடிதம் அவளுடைய வற்புறுத்தலால் எழுதப்படுகிறது. உங்களோடு பேசுவதில்லை என்று 2011-ல் நான் எடுத்த முடிவில் மாற்றம் இல்லை. எழுதுவது பேச்சில் சேராது என்று அவள் ஒரு வாதம் வைத்தாள். வேறு வழி இல்லாததால் ஏற்றுக்கொண்டேன். தொலைபேசியில் கூப்பிட்டுவிடாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விட்டுப்போன அதே அம்பத்தூர் கம்பெனியில்தான் இருக்கிறேன். பழைய முதலாளி மனோகரன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பாஸ்கரன் நடத்துகிறார். அதே இயந்திரம்தான். கொட்டுகிற அரிசியைக் கேமராவால் பார்த்துக் கறுப்பையும் கல்லையும் காற்றால் ஊதித் தள்ளுவது. அப்போது நான்கு கேமரா, இப்போது பன்னிரண்டு. உள்ளே ஓடுவது இன்றும் நம் சொந்தக் கெர்னல். எல்லா வேலைகளுக்கும் அடியில் நின்று இடத்தையும் நேரத்தையும் பங்கிடுகிற அந்த மூல நிரலைத் தூக்கி எறிய இதுவரை யாருக்கும் துணிவு வரவில்லை.

இப்போது வந்திருக்கிறது. செங்குன்றத்தில் ஒரு மில்லில், சில காலைகளில் இயந்திரம் எழுவதில்லை. ஸ்விட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. ஐந்தாறு முறை அணைத்துப் போட்டால் ஒருமுறை எழுகிறது. எங்கள் கம்பெனிச் சோதனை மேசையில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. திரைக்கு உயிர் வருவதற்கு முன்பே சாவதால் ஒரு செய்தியும் மிச்சமில்லை. முதல் அரை நொடியில், நினைவகத்தைப் பங்கிடும் இடத்தில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

அந்த இடத்துக் கோப்பின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ‘எழுதியவர்: கோகுல்நாத்’. அறுநூறு வரியும் நான் எழுதியது. மகள் பிறந்தபோது பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தேன். என் பெயர் இருந்த இடத்தில் உங்கள் பெயர் இருந்தது, நீங்கள் கம்பெனியில் இல்லை. அந்த அறுநூறு வரியைக் காட்டித்தான் ஜெர்மனிக்குப் போனீர்கள் என்பது என் கருத்து. பாஸ்கரன் கோப்பைத் திறந்தார், பெயரைப் பார்த்தார், “இவரையே கேட்டுடுங்களேன் சார்” என்றார். என் நிலைமையைப் பாருங்கள்.

செப்டம்பர் இருபத்திரண்டு கெடு. அதற்குள் சரியாகாவிட்டால் வெளியிலிருந்து மென்பொருளோடு வரும் ஆயத்த போர்டு வாங்கிப் போடுவார். பிறகு இந்தக் கெர்னலும் வேண்டாம், அதைக் கட்டிக்கொண்டு அழும் ஐம்பத்திரண்டு வயதுக்காரனும் வேண்டாம். பதில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

இங்ஙனம்,
தினகரன்

---

டிரெஸ்டன்,
12 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முழங்கால் வலி, சித்ராவுக்கு வலி ஒன்றும் இல்லை, அதிகாரம் மட்டும் கூடியிருக்கிறது. தாட்சாயிணி அண்ணி எப்படி இருக்கிறார்கள்? கிருஷ்ணப்பிரியா ஒன்பதாம் வகுப்பா, பத்தா?

உங்கள் கடிதத்தைச் சித்ரா சத்தமாகப் படித்தாள். ‘முறைக்கு விசாரித்ததாக’ என்ற இடத்தில் நிறுத்தி, “எங்க அண்ணன் கொஞ்சம் கூட மாறல பாரு” என்று பெருமைப்பட்டாள். அவள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். எல்லாக் கடிதத்தையும் அவள்தான் முதலில் படிப்பாளாம். அவளுக்குப் புரியாததை என்னிடம் தரமாட்டாளாம். ஆகவே அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். நமக்கும் அது நல்லதுதான்.

அந்தக் கோப்பை அனுப்பி வையுங்கள். பார்த்துப் பல வருடம் ஆகிறது. மில்லில் இருக்கிற இயந்திரத்துக்கும் உங்கள் மேசையில் இருப்பதற்கும் என்னென்ன வேறுபாடு என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க முடியுமா? எனக்குத் தெரிந்து தவிட்டுத் தூசி ஒன்று. மற்றவை உங்கள் கண்ணுக்குத்தான் படும்.

பெயர் விஷயமாக நான் சொல்ல ஒன்றும் இல்லை, மச்சான்.

வெயிலில் அலையும்போது மோர் குடியுங்கள்.

உங்கள்
கோகுல்நாத்

---

வெள்ளானூர்,
21 ஜூன் 2025

திரு. கோகுல்நாத் அவர்களுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். கிருஷ்ணப்பிரியா ஒன்பது முடித்துப் பத்து. மோர் குடித்தேன், நீங்கள் சொன்னதற்காக இல்லை.

செங்குன்றம் போனேன். மில் முதலாளி வேம்புலியம்மாள். அறுபது வயது, கழுத்தில் கண்ணாடி, குரலுக்கு மைக் தேவையில்லை. நான் வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா சார், உங்க மிஷினு தலைத் தீபாவளிக்கு வந்த மாப்ள மாரி காலைல எயிந்துக்கவே மாட்டேங்குது! அஞ்சு தபா உலுக்குனா ஒரு தபா முயிக்குது. பக்கத்து மில்லுக்காரன் நிக்கவச்சு சிரிக்கிறான்.”

மாப்பிள்ளை உவமை எனக்குப் பிடித்திருந்தது. யாரையும் நினைத்துச் சொல்லவில்லை.

தூசி நீங்கள் சொன்னதுதான். இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே தவிட்டில் ஒரு மெத்தை. நினைவகத் தகடு அதில் படுத்திருக்கிறது. துடைத்துச் செருகினால் இரண்டு நாள் ஒழுங்காக எழுகிறது, மூன்றாம் நாள் பழைய கதை. இதை வைத்துப் பாஸ்கரன், “அப்போ ஹார்டுவேர்தானே சார்?” என்று கேட்டார். தூசியில் ஓடத்தானே இயந்திரம் விற்கிறோம் என்றேன். அவருக்குப் பதில் பிடிக்கவில்லை.

சித்ராவுக்காக இந்தப் பத்தி. இயந்திரம் எழும் முதல் அரை நொடியில் நினைவகம், ஆள் ஏறாத பஸ் மாதிரி. முறையாக டிக்கெட் கொடுத்து உட்காரவைக்கும் கண்டக்டர் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் ஒரு தற்காலிக ஆள் பட்டியலோடு நிற்கிறான். ஆவடியில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான் முறை. கெர்னல் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஒரு துண்டு. பன்னிரண்டு கேமராவுக்குப் பன்னிரண்டு. நினைவகத்தில் கெட்டுப்போன இடங்கள் இருந்தால், ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் சீட்டில் யாரும் உட்காராமல் தடுக்கிற மாதிரி, அவற்றின் மேலும் துண்டு. கடைசியாக, தொடக்கக் கோப்புகள் என்ற மூட்டை ஒன்று முன்பே ஒரு சீட்டில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் ஒரு துண்டு. எல்லாத் துண்டையும் அவன் பட்டியலில் குறித்துக்கொள்வான். துண்டு விழாத இடமெல்லாம் காலி, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இவ்வளவுதான் அந்த அறுநூறு வரி.

கோப்பு இத்துடன் இருக்கிறது. தலைப்பை நீங்கள் படிக்க வேண்டாம், அது உங்களுக்கே தெரியும்.

தினகரன்

---

வெள்ளானூர்,
7 ஜூலை 2025

திரு. கோகுல்நாத் அவர்களுக்கு,

இங்கு நலம். அங்கு என்ன நிலைமை என்று தெரியவில்லை. பதினாறு நாளாகக் கடிதம் இல்லை.

வேலை அதிகம் என்றால் சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் காத்திருந்து எனக்குப் பழக்கம் உண்டு. வேப்பம்பட்டில் இறங்கி வீடு பார்க்க வந்த தாட்சாயிணியின் பெரியப்பாவுக்காக இரண்டு மணி நேரம் ரயில் நிலையத்தில் நின்றவன் நான். அவர் முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி வேறொருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரோடும் பேசுவதில்லை.

கெடுவுக்கு எழுபத்தேழு நாள் இருக்கிறது.

தினகரன்

---

டிரெஸ்டன்,
10 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

மன்னிக்கவும். கொஞ்சம் காய்ச்சல். இப்போது தேவலை. அண்ணிக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

கோப்பைப் பார்த்தேன். எதுவும் உறுதியாகச் சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். திரை வருவதற்கு முன் செய்தி எழுத முடியாது, ஆனால் போர்டில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதே, அதை எரிக்க முடியும். ஒவ்வொரு துண்டு விழும்போதும் ஒருமுறை கண் சிமிட்டட்டும். அரை நொடியில் எண்ண முடியாது, ஆகவே துண்டுக்குத் துண்டு கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். எழுகிற காலையில் எத்தனை, எழாத காலையில் எத்தனை என்று மில்லிலேயே எண்ண வேண்டும். பத்துப் பதினைந்து நாள் எண்ணினால் ஏதாவது கண்ணில் படும்.

நீங்களே பார்த்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கோகுல்நாத்

---

டிரெஸ்டன்,
11 ஜூலை

அண்ணா,

நல்லா கீறியா? அண்ணிக்குத் தைராய்டு மாத்திர ஒழுங்கா குடுக்கிறியா? நான் நல்லா கீறேன்.

இது அவருக்குத் தெரியாம எழுதறது. அவருக்கு ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் ஃபைலு வந்த அன்னிக்கு சாயங்காலம் டீயோட உக்காந்தாரு. டீ ஆறறதுக்குள்ள லேப்டாப்ப மூடிட்டாரு. “இன்னாங்க, தெரிஞ்சிடுச்சா?”ன்னு கேட்டேன். “ஒண்ணுமில்ல”ன்னாரு. அதுலேர்ந்து மூணு வாரமா தோட்டத்துல புல்லு புடுங்கிகினு கீறாரு. எங்க தோட்டம் மொத்தமே ஒரு கட்டில் அகலம். புடுங்கறதுக்கு இனிமே புல்லு கூட இல்ல.

ஏதோ கண்டுபுடிச்சிட்டு முழுங்கறாரு. நீ கேளு.

சித்ரா

---

வெள்ளானூர்,
3 ஆகஸ்ட் 2025

திரு. கோகுல்நாத் அவர்களுக்கு, கூடவே படிக்கும் சித்ராவுக்கும்,

நாங்கள் எல்லோரும் சுகம். மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறது.

விளக்கு சிமிட்டுகிறது. எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே என்று யோசித்துக்கொண்டு போனேன். வேம்புலியம்மாள், “இதுக்கு எதுக்கு ஆளு? நானே எண்ணிட்டுப் போறேன்” என்றார். ஒரு சிமிட்டலுக்கு ஒரு அரிசி என்று மேசையில் எடுத்து வைத்து, முடிந்ததும் எண்ணி, சுவரில் கரியால் எழுதிவிடுகிறார். எழுந்த நாளுக்கு எண்ணைச் சுற்றி வட்டம், எழாத நாளுக்கு எண் மேல் ஒரு கோடு. பி.இ. படித்த எங்கள் ஆட்கள் எடுக்கும் குறிப்பைவிட ஒழுங்கு. அதைப் பாஸ்கரனிடம் சொன்னேன், அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

பதினெட்டாவது நாள் போனபோது அந்த அம்மாள் என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்.

“சார், நீ படிச்சவன், நீயே சொல்லு. இருபது, இருபத்தாறு, முப்பத்தொண்ணு. முப்பத்தி ரெண்டு வரிக்கும் எயிந்துக்குது. முப்பத்தி மூணு ஆச்சுன்னா படுத்துக்குது. ஒரு நாள் கூடத் தப்பல. அந்த முப்பத்தி மூணாவது தபா உள்ள இன்னா நடக்குது?”

இருபத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இவ்வளவு சரியான கேள்வியை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

பட்டியலில் முப்பத்திரண்டு வரிதான் இடம். தூசி படிந்த நாளில் தகட்டில் கெட்ட இடங்கள் அதிகம், அதனால் துண்டும் அதிகம். முப்பத்து மூன்றாவது துண்டு விழும்போது பட்டியல் நிறைந்துவிடுகிறது. உடனே நம் ஆள் இரண்டு மடங்கு பெரிய பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து, காலியாகத் தெரிகிற ஒரு சீட்டில் வைத்து எழுத ஆரம்பிக்கிறான். அது காலி சீட் இல்லை. தொடக்கக் கோப்புகள் மூட்டை அங்கேதான் இருக்கிறது. அதற்குத் துண்டு கடைசியில்தான் விழும், இன்னும் விழவில்லை. மூட்டையின் மேலேயே எழுதித் தள்ளிவிடுகிறான். பிறகு கெர்னல் மூட்டையைப் பிரித்தால் உள்ளே குப்பை. அங்கேயே சாகிறது. எங்கள் மேசையில் தூசி இல்லை, கெட்ட இடம் இல்லை, பட்டியல் நிறைவதே இல்லை.

ஆக, பட்டியலை விரிக்கும் பகுதியில், வரிசை தெரியாமல் எழுதிய ஒருவருடைய தப்பு. கோப்பின் தலையில் இருக்கும் பெயரைப் பார்த்தேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்த காரணம் புரிந்தது. பரவாயில்லை. தப்பு யாருக்கும் வரும். ஒப்புக்கொண்டு எழுதினால் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்வேன்.

பல நாளைக்குப் பிறகு நேற்று இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

தினகரன்

---

டிரெஸ்டன்,
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் நலமும் கடிதத்திலேயே தெரிகிறது, சந்தோஷம்.

அருமையாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மூட்டைக்குப் போடும் துண்டை முதலில் போட்டுவிட்டால் சரியாகிவிடும். மற்றபடி, ஆமாம், பெயர் என்னுடையதுதானே. தப்பும் என்னுடையதாகவே இருக்கட்டும்.

வேம்புலியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள்
கோகுல்நாத்

---

டிரெஸ்டன்,
6 ஆகஸ்ட்

அண்ணா,

சௌக்கியமெல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன்.

பதினாலு வருஷமா போன்ல, கல்யாணத்துல, சாவுல, எங்க பாத்தாலும் “அந்த ஃபைலு நான் எழுதுனது, உன் புருஷன் திருடிட்டான்”ன்னு சொல்லிகினு இருந்த. இப்ப அதுல ஓட்டைன்னு தெரிஞ்சதும் அவரு எழுதுனதா? ஒரே ராத்திரியில மாறிடுச்சா? எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அவரு மூஞ்சப் பாத்தேன், சிரிப்பு வரல.

சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. நான் மீறுறேன்.

நீ அண்ணியோட ஆஸ்பத்திரில கீறப்போ ஆரணில ஒரு மில்லுல மிஷினு எயிந்துக்காம போச்சு. அந்தப் பெரியவரு மனோகரன் கத்திகினு உள்ள வந்தாராம். “இத எழுதுனவன் நாளைக்கு இங்க இருக்கக்கூடாது”ன்னாராம். நீ அங்க குயந்தைய இன்குபேட்டர்ல வச்சிகினு நின்ன. இவரு ஃபைலு தலைல இருந்த உன் பேர எடுத்துட்டுத் தன் பேரப் போட்டுட்டுப் போயி, “நான்தான் சார்”ன்னுட்டாரு. பட்டியல்ல பதினாறு வரி இருந்துச்சாம், அத முப்பத்தி ரெண்டாக்கி மிஷின ஓட வச்சிட்டு, உன்கிட்ட சொல்ல வேணாம்னு ஆபீஸ்ல கேட்டுகினு அன்னிக்கே வெளில வந்துட்டாரு. அதனாலதான் இத்தினி வருஷம் ஓட்டை தெரியல. எட்டு மாசம் வேல இல்லாம பட்டாபிராம்ல ட்யூஷன் எடுத்தாரு, உனக்குத் தெரியாது. ஜெர்மனிக்கு அந்த ஃபைலக் காட்டி வரல. அத அவரு கையோட எடுத்துகினு கூட வரல.

குயந்தைக்குப் பேரு வைக்கிற அன்னிக்கு உன்கிட்ட சொல்லத்தான் வந்தாரு. வாயத் தொறக்கறதுக்குள்ள பந்தலாண்ட நின்னு நாலு பேரு முன்னாடி “திருடன்”னுட்ட. அவருக்கும் ரோஷம் கீதில்ல? அதோட சொல்லவே இல்ல.

இப்ப நீ இன்னா எழுதப் போற, எழுது.

சித்ரா

---

வெள்ளானூர்,
12 செப்டம்பர் 2025

மாப்பிள்ளைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த முறை தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

ஐந்து வாரம் ஆயிற்று. ஏழு கடிதம் எழுதினேன், ஏழும் போகவில்லை. ஒன்றில் மன்னிப்புக் கேட்டிருந்தேன், படித்தால் வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது. இன்னொன்றில் உங்களைத் திட்டியிருந்தேன், அது என் கடிதம் மாதிரியே இருந்தது. அதனால் அதையும் வைத்துவிட்டேன்.

சித்ரா எழுதிய மறுநாள் பாஸ்கரனின் அறைக்குப் போனேன். நான்கைந்து பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று சொன்னேன்.

“பாஸ்கரன், மிஷின் எழாதது என்னோட தப்பு. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நான் பண்ணது.”

“ஃபைல்ல கோகுல்நாத்னு போட்டிருக்கே சார்?”

“பேரு அவருது. தப்பு என்னுது. உங்க அப்பா காலத்துல இன்னா நடந்துச்சுன்னு உக்காந்து சொல்றேன்.”

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “எங்க அப்பா அப்டித்தான் சார், கோவம் வந்தா கண்ணு தெரியாது” என்றார். பிறகு, கெடு கெடுதான் என்றும் சொன்னார். நியாயம்தான். அறையை விட்டு வெளியே வந்ததும் கோப்பின் தலையில் இருந்ததைத் திருத்திவிட்டேன். அதில் இப்போது என் பெயர் மட்டும் இருக்கிறது. ஓட்டை அடைபடும்வரை, பழி எனக்கு மட்டும் என்று, அப்படியே இருக்கும்.

பழைய கோபத்தை எடுத்துவிட்டேன், மாப்பிள்ளை. அதற்குப் பதிலாகப் புதியது ஒன்று வந்திருக்கிறது. எனக்காகப் பழி சுமக்கச் சொல்லி உங்களை யார் கேட்டது? எனக்கு வேலை போயிருந்தால் போயிருக்கும், நானும் எங்கேயாவது ட்யூஷன் எடுத்திருப்பேன். பதினான்கு வருடம் ஊர் முழுக்க உங்களைத் திருடன் என்று சொல்லித் திரிய என்னை விட்டுவிட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. வெள்ளானூரில் அதைக் கேட்காதவர் கிடையாது. ஒவ்வொரு வீடாகப் போய் வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. இதுவரை ஒன்பது வீடு முடித்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் காபி கொடுக்கிறார்கள்.

இந்த ஆனியிலும் அதையேதான் செய்தீர்கள். கோப்பைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. ‘மச்சான், இது உங்கள் தப்பு’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். புல் பிடுங்கினீர்கள். நான் உடைந்துபோவேன் என்று நினைத்தீர்களா? நான் என்ன தொடக்கக் கோப்பு மூட்டையா?

திருத்தம் எழுதி முடித்துவிட்டேன். ஒன்பது வரி. மூட்டைக்கான துண்டு முதலில் விழுகிறது. பெரிய பட்டியல் வந்ததும் பழைய பட்டியல் இருந்த இடத்தைக் காலி என்று விட்டுவிடுகிறேன், வீணாகக் கிடக்க வேண்டாமே. மேசையில் முப்பது முறை போட்டேன், முப்பது முறையும் எழுந்தது. 22-ம் தேதி பாஸ்கரன் முன்னிலையில் மில்லில் பரீட்சை. இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். தப்பு இருந்தால் தப்பு என்று எழுதுங்கள். இந்த முறை உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நான் உண்மையாகவே பேசாமல் இருந்துவிடுவேன்.

என் தங்கையிடம், அவள் சத்தியத்தை மீறியது நல்லது என்று சொல்லுங்கள். நேரில் சொன்னால் தலைக்கனம் பிடிக்கும்.

அன்புடன்,
தினகரன்

---

டிரெஸ்டன்,
12 செப்டம்பர் 2025, மாலை

மச்சான்,

எல்லோரும் நலம். அதெல்லாம் பிறகு.

ஆறாவது வரி தப்பு.

பழைய பட்டியலைக் காலி என்று விடுகிறீர்கள். இரண்டாவது, மூன்றாவது தடவை விரியும்போது அது சரி. முதல் தடவை சரியில்லை. முதல் பட்டியல் யாருக்கும் கொடுத்த சீட் கிடையாது, கெர்னலின் உடம்புக்குள்ளேயே செய்துவைத்தது. அதைக் காலி என்றால் அடுத்து வருகிறவனைக் கெர்னலின் மடியிலேயே உட்காரவைத்துவிடுவீர்கள். மேசையில் முப்பது முறை எழுந்தது உங்கள் அதிர்ஷ்டம், அந்த இடத்தை அப்போது யாரும் கேட்கவில்லை. மில்லில் பன்னிரண்டு கேமராவும் ஓடும்போது கேட்பார்கள். பாஸ்கரன் முன்னாலேயே விழும்.

இதே தப்பை 2009-லும் செய்தீர்கள். அப்போதும் நான் சொல்லவில்லை, பின்னால் போய்த் திருத்திவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது. சித்ரா பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் ரெண்டு சேத்துப் போடுங்க” என்கிறாள். இப்போதைக்கு இது போதும்.

உங்கள்
மாப்பிள்ளை

---

வெள்ளானூர்,
22 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் சித்ராவுக்கும்,

அனைவரும் நலம். தாட்சாயிணி உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், யார் கையிலாவது வரும். பூசிக்கொள்ளுங்கள், அதன் வாசனைக்கு நாங்கள் பொறுப்பில்லை.

உங்கள் கடிதம் பார்த்ததும் ஆறாவது வரியில் தப்பே இல்லை என்று நிரூபித்து நான்கு பக்கம் எழுதினேன். நல்ல வாதம். நான்காம் பக்கத்தின் நடுவில் ஒரு எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. அதற்காகப் பன்னிரண்டு கேமராவையும் இணைத்து ஓட்டினேன். விழுந்தது. பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வரியைத் திருத்தினேன். 2009 விஷயத்தைத் தனியாக விசாரிப்பேன்.

இன்று காலை எட்டு மணிக்கு மில். வேண்டுமென்றே தூசி தட்டாத தகட்டைப் போடச் சொன்னேன். பாஸ்கரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து மில்லுக்காரரும் சிரிப்பதற்குத் தயாராக வந்திருந்தார். வேம்புலியம்மாள் மேசை முன் அரிசியோடு உட்கார்ந்து ஸ்விட்சைப் போடச் சொன்னார்.

விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அந்த அம்மாள் சத்தமாக எண்ணினார். முப்பதைத் தாண்டியது. முப்பத்தி ரெண்டு. முப்பத்தி மூணு. முப்பத்தி நாலு. “ஓடுது, ஓடுது, கம்முனு இருங்க!” என்று ஒரு பேச்சும் பேசாத எங்களை அதட்டினார். நாற்பத்தொன்றில் நின்றது. திரை ஒரு மூச்சு நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு பன்னிரண்டு கேமராவும் ஒவ்வொன்றாக வந்தன. கொட்டுகிற அரிசியில் கறுப்பு மட்டும் எகிறிப் பக்கத்துத் தொட்டியில் விழுந்தது. பத்து முறை அணைத்துப் போட்டோம். பத்து முறையும் எழுந்தது. பக்கத்து மில்லுக்காரர் விலை விசாரித்துவிட்டுப் போனார்.

பாஸ்கரன் ஆயத்த போர்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறும்போது, “இருபத்தி நாலு கேமரா தாங்குமா சார்?” என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

அவர் போனதும் வேம்புலியம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

“யாருய்யா சரி பண்ணது?”

“எங்க தங்கச்சி ஊட்டுக்காரரும்மா. ஜெர்மனில கீறாரு.”

“ஜெர்மனிலேர்ந்தே சரி பண்ணிட்டாரா! அப்ப நீ இன்னா பண்ண?”

“நான்தாம்மா கெடுத்தேன்.”

சொல்லிவிட்டுப் பார்த்தேன், தலை கீழே விழவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“முப்பது வருசமா மில்லு ஓட்றேன். வர்ற மெக்கானிக்கு எல்லாம் கரண்ட்டு மேலயும் எலி மேலயும் பழியப் போட்டுட்டுப் போவான். நான் கெடுத்தேன்னு சொன்ன மொத ஆளு நீதான். அடுத்த மிஷினுக்கும் நீயே வா.”

என்றும் உங்கள்
மச்சான் தினகரன்